நிறுத்தியிருந்த கார் மீது மோதல்: கிருஷ்ணகிரியில் ஒரு காப்பீட்டுக் கோரிக்கை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2025 ஜூன் மாதம், மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த நாட்களில், கிருஷ்ணகிரி பழையபேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் வீட்டு வாசலில் நின்றிருந்த கார் மீது, பின்னோக்கி வந்த பிக்கப் வேன் ஒன்று விடியற்காலையில் மோதிவிட்டு நிற்காமல் சென்றுவிட்டது. யாருக்கும் காயமில்லை. இத்தகைய மோதல்கள் பெரும்பாலும் தெருவிலேயே சில ஆயிரம் ரூபாய்க்குப் பேசி முடிக்கப்படுகின்றன. இதுவும் எட்டாயிரம் ரூபாயோடு முடியும் நிலைக்கு வந்தது. அவ்வாறு முடிக்காததால் என்ன நடந்தது என்பதை, அக்குடும்பத்தின் ஆவணங்களைத் தயாரிக்க உதவியவன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் நிறுவனங்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

காரின் உரிமையாளர் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை. அவருடைய கணவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். முந்தைய இரவு காரை நிறுத்தியவர் அவரே. தெருமுனையில் ஒரு மாங்காய் மண்டி உள்ளது. பருவ காலத்தில் தமிழ்நாட்டு வண்டிகளோடு கர்நாடக, ஆந்திரப் பதிவெண் கொண்ட வண்டிகளும் அங்கே விடியுமுன் வந்து நிற்கும். தெரு குறுகலானது என்பதால், சுமை ஏற்றிய வண்டிகள் திரும்ப இடமின்றிப் பின்னோக்கியே வெளியேற வேண்டியுள்ளது.

கார் 2020 செப்டம்பரில் பதிவானது. 1,197 சிசி பெட்ரோல் வண்டி. சொந்தச் சேதம் (தன் காருக்கு ஆகும் சேதம்), மூன்றாம் நபர் பொறுப்பு (தன் காரால் பிறருக்கு ஆகும் சேதம்) ஆகிய இரண்டையும் உள்ளடக்கிய பாலிசி நடப்பில் இருந்தது. நான்கு ஆண்டுகள் கோரிக்கை எதுவும் இல்லாததால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 45 சதவீதத்தை எட்டியிருந்தது. 2025 செப்டம்பரில் அது உச்ச அளவான 50 சதவீதம் ஆகியிருக்கும். கடந்த புதுப்பிப்பின்போது பிரீமியத்தைக் குறைப்பதற்காக, பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும் தேய்மானமில்லாக் காப்பீடு, அதாவது பேச்சுவழக்கில் பம்பர் டு பம்பர் என்று சொல்லப்படும் கூடுதல் பாதுகாப்பு, நீக்கப்பட்டிருந்தது. குடும்பத்தினர் தங்களிடம் இருப்பது ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்றே எண்ணியிருந்தனர். பாலிசித் தாளின் இரண்டாம் பக்கத்தைச் சம்பவத்துக்குப் பிறகுதான் முதன்முறையாகப் படித்தார்கள்.

காலையில் காணப்பட்டவை

காரின் இடப் பின்மூலை உள்வாங்கியிருந்தது. பின் பம்பர் பிளந்து, இடப்பக்க டெயில் லேம்ப் உடைந்து, டிக்கிக் கதவு மூட மறுத்தது. மோதிய வேகத்தில் கார் ஓரடிக்கு மேல் நகர்ந்து, அதன் இடப் பின்சக்கரம் சாக்கடை மேல் போட்டிருந்த கருங்கல் பலகையின் விளிம்பில் முட்டி நின்றது. இந்தக் கடைசி விவரம் அப்போது யாருக்கும் முக்கியமாகத் தோன்றவில்லை. பின்னர் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய் பெறுமான விவரமாக அதுவே ஆயிற்று.

காரை நகர்த்துவதற்கு முன்பே ஆசிரியையின் மகன், கல்லூரி மாணவர், தம் கைப்பேசியில் படங்கள் எடுத்தார். சேதத்தை மட்டும் நெருக்கத்தில் எடுக்காமல், காரும் வீட்டு வாசலும் தெருவும் ஒரே சட்டகத்தில் தெரியும்படியும், சக்கரம் கல்லில் முட்டியிருப்பது தெரியும்படியும், பம்பரில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயிண்ட் கீறல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைக் காட்ட ஓர் அளவு நாடாவை வைத்தும் எடுத்தார். எதிர்வீட்டு டீக்கடைக்காரர் வண்டியைப் பார்த்திருந்தார். வெள்ளை நிறப் பிக்கப், கர்நாடகப் பதிவெண், கடைசி இரண்டு எண்கள் என்ற அளவில் அவருக்கு நினைவிருந்தது. முழு எண் தெருமுனை மளிகைக் கடையின் கண்காணிப்புக் கேமராவில் கிடைத்தது. கடைக்காரருக்கு மண்டி ஆட்களே முக்கிய வாடிக்கையாளர்கள் என்பதால் முதலில் தயங்கினார். பதிவைக் கொடுக்க வேண்டாம், திரையில் ஓடுவதைப் படமெடுத்துக்கொள்ள மட்டும் அனுமதியுங்கள் என்று கேட்டபின் இணங்கினார். அதோடு, பழைய பதிவுகள் தாமாக அழிந்துவிடும் அமைப்பு அது என்பதால், அந்தக் காலைப் பகுதியைத் தனியே சேமித்து வைக்கவும் ஒப்புக்கொண்டார்.

பதிவெண்ணை, வாகன விவரங்களைக் காட்டும் அரசின் எம்பரிவாகன் செயலியில் இட்டபோது, பிக்கப் வேனின் காப்பீடும் தகுதிச் சான்றும் நடப்பில் இருப்பது தெரிந்தது. மோதிய வண்டிக்குக் காப்பீடு இல்லையென்றால் அடுத்து எடுக்கும் ஒவ்வொரு முடிவும் மாறும் என்பதால், இதை அன்றே தெரிந்துகொண்டது பயனுள்ளதாக இருந்தது.

முதல் நாள் முடிவுகள்

மூன்று முடிவுகள் அன்றே எடுக்கப்பட்டன. காரை ஓட்டுவதில்லை என்பது முதலாவது. டிக்கியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு பட்டறைவரை ஓட்டிப் போய்விடலாம் என்று கணவர் கருதினார். ஆனால் விபத்துக்குப் பின் பழுது நீக்காமல் ஓட்டுவதால் சேதம் கூடினால் அந்தக் கூடுதல் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்பது வாகனப் பாலிசிகளின் நிலையான நிபந்தனை. பின்சக்கரம் லேசாகச் சாய்ந்திருப்பதாகத் தோன்றியதால், இழுவை வண்டியை வரவழைத்துப் புறவழிச் சாலையில் இருந்த, காப்பீட்டு நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் (நிறுவனமே பட்டறைக்கு நேரடியாகப் பணம் செலுத்தும் முறை) உள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு சென்றனர். இழுவைக் கட்டணம் 2,000 ரூபாய். தனியார் காருக்கு ஒரு விபத்துக்கு 1,500 ரூபாய்வரை இதற்குப் பாலிசி இடமளிக்கிறது.

இரண்டாவது முடிவு, காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தகவல் தருவது. இதில் குடும்பத்தினருக்குத் தயக்கம் இருந்தது. தகவல் சொன்ன கணமே போனஸ் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். போனஸ் பறிபோவது சொந்தச் சேதக் கோரிக்கைக்கு நிறுவனம் பணம் வழங்கும்போதுதான்; தகவல் தந்து, பிறகு கோரிக்கையை எழுத்துமூலம் திரும்பப் பெறவும் வழியுண்டு. அதேசமயம், சம்பவத்தை உடனடியாக எழுத்தில் தெரிவிப்பது பாலிசியின் முதல் நிபந்தனை. தாமதித்தால் வாய்ப்பு சுருங்கும்; தெரிவித்தால் எதுவும் குறையாது. எனவே அன்று முற்பகலிலேயே கட்டணமில்லாத் தொலைபேசி வழியாகவும் மின்னஞ்சல் வழியாகவும் தெரிவிக்கப்பட்டு, கோரிக்கை எண் பெறப்பட்டது.

மூன்றாவது, காவல் நிலையம். அங்கே சொல்லப்பட்டது பலரும் கேட்டிருக்கக்கூடிய பதில்தான்: ஆளுக்கு அடிபடவில்லையே, பேசி முடித்துக்கொள்ளுங்கள். அலட்சியம் என்று இதை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. பொதுவழியில் அசட்டையாக வாகனம் ஓட்டுவதைக் குற்றமாக்கும், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தோ காயமோ விளைவிக்கக்கூடிய ஓட்டுதலைப் பற்றியது. ஆளில்லாத தெருவில் நின்ற காரை இடித்தது அதற்குள் வருமா என்பதில் அதிகாரி தயங்குவதற்குக் காரணம் உண்டு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவு வேறு தளத்தில் பேசுகிறது: மூன்றாம் நபரின் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலும், ஓட்டுநர் அதை அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். புகார் மனுவில் இந்தப் பிரிவையே குறிப்பிட்டு, பதிவெண்ணையும் படங்களையும் இணைத்துக் கொடுத்தபோது, முதல் தகவல் அறிக்கை பதியப்படாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையான சி.எஸ்.ஆர். ரசீது வழங்கப்பட்டது. அறிக்கை பதியும்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதும் வழி இருந்தது. அதைப் பிற்பாட்டுக்கு வைத்துக்கொள்வதென முடிவாயிற்று. சொந்தப் பாலிசியில் கோருவதற்கு, காயம் எதுவும் இல்லாத இந்த நிகழ்வில், ரசீதே போதுமானதாக இருந்தது.

வண்டி எண் கிடைக்காமல் போயிருந்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். இடித்துவிட்டுத் தப்பும் வண்டிகளுக்கென உள்ள அரசின் இழப்பீட்டுத் திட்டம் உயிரிழப்புக்கு 2 லட்சமும் படுகாயத்துக்கு 50,000 ரூபாயும் தருகிறது; சொத்துச் சேதத்துக்கு ஒன்றுமில்லை. அந்நிலையில் சொந்தப் பாலிசி ஒன்றே வழி.

எட்டாயிரம் ரூபாய்

காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி போன மறுநாள், மண்டி உரிமையாளர் பிக்கப் உரிமையாளரின் சார்பில் ஆசிரியையின் வீட்டுக்கு வந்தார். பிக்கப் உரிமையாளர் ஓசூருக்கு அப்பால் கர்நாடகப் பகுதியைச் சேர்ந்தவர். ஓட்டுநர் கூலிக்கு ஓட்டுபவர். அந்த ஆண்டு பெங்களூரா மாங்காய் விலை விழுந்து கிடந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்களுடைய நெருக்கடி பொய்யானதல்ல.

“டீச்சரம்மா, எட்டாயிரம் வாங்கிக்கிட்டு ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க. டிங்கர் வேலையும் பெயிண்ட்டும் அதுக்குள்ள முடிஞ்சிடும். பையன் பொழப்பு போயிடும்மா” என்றார் அவர்.

காகிதம் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. அதன் கடைசி வரி, இவ்விபத்து தொடர்பாக இனி யாரிடமும் எவ்வித உரிமையும் கோர மாட்டேன் என்று கூறியது. ஆசிரியை இணங்கும் மனநிலையில்தான் இருந்தார்; தினமும் அந்தத் தெருவில்தான் வாழ வேண்டும் என்பது அவருடைய நியாயம். கையெழுத்திட வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. கார் இன்னும் பிரிக்கப்படவில்லை; வெளியில் தெரியும் சேதத்தை வைத்தே எட்டாயிரம் என்ற தொகை பேசப்படுகிறது. அதைவிட முக்கியமானது, இடித்தவரிடமிருந்து பணத்தை மீட்கும் உரிமை, இழப்பீடு வழங்கிய பிறகு காப்பீட்டு நிறுவனத்துக்குச் சேருகிறது. அந்த உரிமையை முன்கூட்டியே முழுவதுமாக விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டவர், பிறகு சொந்தப் பாலிசியில் பணம் கேட்கும்போது நிறுவனம் மறுப்பதற்குத் தாமே காரணம் தந்தவராகிறார். எட்டாயிரத்தோடு எல்லாம் முடியும் என்ற உறுதி இருந்தால் மட்டுமே அந்த வரியில் கையெழுத்திடலாம். அந்த உறுதி அன்று யாரிடமும் இல்லை.

ஆகவே பணமும் வாங்கப்படவில்லை, கையெழுத்தும் தரப்படவில்லை. பட்டறையில் பிரித்துப் பார்த்தபின் பேசுவோம், புகாரைத் தீவிரப்படுத்த மாட்டோம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். மண்டி உரிமையாளர் முகம் சுளிக்கவில்லை. இடையில் நின்றவர் பண்பானவராக இருந்தது இந்த நிகழ்வின் அதிர்ஷ்டங்களில் ஒன்று.

படிவத்தில் எழுதப்பட்ட காரணம்

சர்வீஸ் சென்டரில் கோரிக்கைப் படிவம் நிரப்பும்போது, அங்கிருந்த ஆலோசகர் ஒரு சுருக்கு வழி சொன்னார். மூன்றாம் நபர் வண்டி என்று எழுதினால் சி.எஸ்.ஆர்., அந்த வண்டியின் விவரம் என ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் இடித்துவிட்டது என்று எழுதினால் விரைவில் முடிந்துவிடும் என்றார். இந்த யோசனை பரவலானது, நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது, ஏற்கக் கூடாதது. தவறான காரணம் கூறுவது கோரிக்கை முழுவதையும் நிராகரிக்கப் போதுமானது. பம்பரில் வெள்ளைப் பெயிண்ட் இருக்கிறது; கீறலின் உயரம் சுவருக்குப் பொருந்தாது; சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே கதை உடையும். உடையாவிட்டாலும், தன் தவறால் சுவரில் இடித்தது என்று கையெழுத்திட்ட ஒருவர் பிக்கப் உரிமையாளரிடம் பின்னர் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது.

படிவத்தில் ‘விபத்தின்போது ஓட்டியவர்’ என்ற கட்டம் சிறு குழப்பத்தை உண்டாக்கியது. வாகனம் நிறுத்தப்பட்ட நிலையில் இருந்தது, உள்ளே யாரும் இல்லை, கடைசியாக ஓட்டி நிறுத்தியவர் கணவர் என்று முழு வாக்கியமாக எழுதி, அவருடைய ஓட்டுநர் உரிமத்தின் நகல் இணைக்கப்பட்டது.

பிரித்தபின் தெரிந்தவை

சர்வேயர் வந்து பார்த்துப் படமெடுத்த பிறகே காரைப் பிரிக்க வேண்டும் என்று சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளப்பட்டது. முதல் மதிப்பீடு 34,600 ரூபாய்: பம்பர், டெயில் லேம்ப் முதலிய பிளாஸ்டிக் பாகங்கள் 11,800, டிக்கிக் கதவு 5,200, கூலி 6,000, பெயிண்ட் 11,600. பம்பரைக் கழற்றியதும் அதன் பின்னாலிருந்த இரும்புச் சட்டமும் பின்புறத் தகடும் மடங்கியிருப்பது தெரிந்தது. சக்கர அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்தபோது, பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சில் பீம் வளைந்திருந்தது. தகடும் சட்டமும் 5,300, ஆக்சில் 13,500, கூடுதல் கூலி 5,000 எனச் சேர்ந்து மொத்தம் 58,400 ரூபாய் ஆயிற்று. எட்டாயிரத்துக்குக் கையெழுத்திட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

இரண்டாம் முறை ஆய்வுக்கு வந்த சர்வேயர், ஆக்சில் வளைவை ஏற்கத் தயங்கினார். பள்ளங்களில் ஓடிய வண்டிகளிலும் இவ்வாறு வளைவு இருக்கும், மூலையில் வாங்கிய இடி ஆக்சில்வரை போகாது என்பது அவருடைய வாதம். தொழில்முறையில் அது நியாயமான ஐயம். அதற்குப் பதிலாக இரண்டு சான்றுகள் வைக்கப்பட்டன. ஒன்று, முதல் காலையில் எடுத்த, பின்சக்கரம் கருங்கல் விளிம்பில் முட்டி நிற்கும் படம். சக்கரத்தின் ரிம்மில் இருந்த புதிய கீறல் அந்தக் கல்லின் உயரத்தோடு ஒத்துப்போனது. இடி மூலையில் விழுந்தாலும் அதைத் தாங்கியது பின்சக்கரமே என்பது அதில் தெரிந்தது. மற்றொன்று, மார்ச் மாத சர்வீஸின்போது எடுத்த அலைன்மென்ட் அறிக்கை. பின்சக்கரக் கோணங்கள் வரம்புக்குள் இருந்ததை அது காட்டியது. அந்தத் தாள் காரின் கையுறைப் பெட்டியிலேயே கிடந்தது. சர்வேயர் ஆக்சிலை ஏற்றுக்கொண்டார்.

கணக்கும் தெரிவும்

பழுதுபார்ப்பைத் தொடங்கும் முன், எந்த வழியில் பணம் பெறுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

சொந்தப் பாலிசியில் தேய்மானம் கழிக்கப்படும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம். உலோகப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்தது. நான்கு ஆண்டைக் கடந்து ஐந்தை எட்டாத இந்தக் காருக்கு 35 சதவீதம். பெயிண்டில், மொத்தப் பெயிண்ட் தொகையின் கால்பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு அதில் பாதி கழிக்கப்படும். கூலியில் கழிவில்லை. இதன்படி பிளாஸ்டிக்கில் 5,900, உலோகத்தில் 24,000 ரூபாய்க்கு 8,400, பெயிண்டில் 1,450 என 15,750 ரூபாய் கழிந்தது. ஒவ்வொரு கோரிக்கையிலும் உரிமையாளரே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு, 1,500 சிசிக்கு உட்பட்ட கார்களுக்கு 1,000. பழைய பாகங்களின் மதிப்பாகக் கழிந்தது 650. நிறுவனம் தரவேண்டியது 41,000, இழுவைக் கட்டணம் 1,500 சேர்த்து 42,500 ரூபாய். பழுதுச் செலவு 58,400, இழுவை 2,000 என்ற மொத்தத்தில் இது போகக் குடும்பத்தின் கையிலிருந்து போவது 17,900.

இத்துடன் போனஸ் இழப்பையும் கூட்ட வேண்டும். யார்மீது தவறு என்பது இதில் பொருட்டில்லை. நிறுத்தியிருந்த காருக்குச் சொந்தப் பாலிசியில் பணம் பெற்றாலும் போனஸ் பூஜ்யமாகும். சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியம் 7,000 ரூபாய் என்றும், அது மாறாது என்றும், இனிக் கோரிக்கை எதுவும் வராது என்றும் வைத்துக்கொண்டால், முதல் ஆண்டில் 50 சதவீதத் தள்ளுபடி முழுவதும் போகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் 20, 25, 35, 45 என்று திரும்ப ஏறும்வரை இழப்பு தொடர்கிறது. கூட்டிப் பார்த்தால் 8,750, பதினெட்டு சதவீத வரியோடு 10,325. காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் உண்மை இழப்பு இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். சுமார் பத்தாயிரம் இழந்து 42,500 பெறுவது தெளிவான தெரிவு. ஆனால் இதே காரில் பம்பர் 6,000, பெயிண்ட் 4,000, கூலி 2,000 என்று பன்னிரண்டாயிரத்தோடு சேதம் நின்றிருந்தால், கழிவுகள் போக நிறுவனம் தருவது 7,500, இழப்பதோ பத்தாயிரம். அப்போது இடித்தவரிடம் எட்டாயிரம் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். மண்டி உரிமையாளர் சொன்ன தொகை தவறான ஒன்றல்ல. அது வேறொரு சேதத்துக்கான தொகை.

மற்றொரு வழி, பிக்கப் வேனின் மூன்றாம் நபர் காப்பீடு. “எங்க இன்சூரன்ஸ்ல வாங்கிக்குங்க” என்று எதிர்த்தரப்பு ஒருமுறை சொன்னது. சட்டப்படி அந்த வழி திறந்தே உள்ளது: வணிக வண்டிகளின் பாலிசி, மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்குப் பொதுவாக 7.5 லட்சம்வரை பொறுப்பேற்கிறது. தேய்மானக் கழிவும் போனஸ் இழப்பும் அதில் கிடையா. ஆனால் எதிர்த்தரப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய்ப் படிவம் நிரப்பினால் பணம் வந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. நடைமுறையில், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவோ மக்கள் நீதிமன்றச் சமரசமோ இருந்தால்தான் அவர்கள் தருகிறார்கள். விபத்து நடந்த இடத்திலோ மனுதாரர் வசிக்கும் இடத்திலோ வழக்கிடலாம் என்பதால் கர்நாடகம் போக வேண்டியதில்லை. எனினும் முதல் தகவல் அறிக்கை, கடைக்காரரின் சாட்சியம், கேமராப் பதிவுக்குச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்று, வழக்கறிஞர் என்று ஒவ்வொன்றும் தேவைப்படும். 2022 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி ஆறு மாதத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும். அந்தக் கெடு டிசம்பர்வரை இருந்தது.

எடுக்கப்பட்ட முடிவு இரண்டையும் கலந்தது. காரைச் சொந்தப் பாலிசியில் சரிசெய்வது. நிறுவனம் ஏற்காத 17,900 ரூபாயை மட்டும் பிக்கப் உரிமையாளரிடம் கேட்பது. அவர் மறுத்தால் டிசம்பருக்கு முன் தீர்ப்பாயம் செல்வது. ஒரே இழப்புக்கு இருமுறை பணம் பெறலாகாது என்பதால், கேட்கும் தொகை எந்தெந்தக் கழிவுகளால் ஆனது என்பதைச் சர்வேயர் அறிக்கையைக் கொண்டே காட்ட வேண்டியிருந்தது. அந்த அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுவது பாலிசிதாரரின் உரிமை. எழுத்தில் கேட்டபின் வந்தது.

மீதித் தொகை

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய சமரச மனு ஒன்று அளிக்கப்பட்டது. இதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. அங்கே எட்டப்படும் சமரசம் மக்கள் நீதிமன்றத் தீர்வாகப் பதிவானால் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு இணையானது. காவல் நிலையத்திலேயே பேசி முடிக்கலாம் என்ற யோசனையும் வந்தது. பணத் தகராறைத் தீர்ப்பது காவல் நிலையத்தின் வேலையல்ல. அங்கே முடித்தால் பின்னர் பணம் வராதபோது கையில் எதுவும் இருக்காது.

பிக்கப் உரிமையாளர் அழைப்பை ஏற்று வந்தார். அவருக்குத் தமிழ் ஓரளவே புரிந்தது. ஆசிரியையின் பக்கத்து வீட்டார் கன்னடத்தில் விளக்கினார். கிருஷ்ணகிரியில் இதற்கு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டிய அவசியமில்லை. 58,400 ரூபாய் ரசீதில் தன்னிடம் கேட்கப்படுவது 17,900 மட்டுமே என்பதைத் தாளில் பார்த்தபின் அவருடைய எதிர்ப்பு தணிந்தது. 15,000 ரூபாய், இரண்டு தவணைகளில் என்று ஒப்புக்கொண்டார். சமரசப் பத்திரத்தின் வாசகத்தில் மட்டும் நாங்கள் இடம் கொடுக்கவில்லை: காப்பீட்டு நிறுவனம் ஏற்காத தொகை தொடர்பாக மட்டுமே இச்சமரசம், நிறுவனத்தின் மீட்பு உரிமையை இது பாதிக்காது என்று எழுதப்பட்டது. அதன் வரைவு முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பப்பட்டிருந்தது. செப்டம்பரில் நடந்த தேசிய மக்கள் நீதிமன்றத்தில் தீர்வு பதிவாயிற்று. முதல் தவணை 8,000 அன்றே கைப்பேசிப் பரிமாற்றத்தில் வந்தது.

விளைவு

கார் ஜூலையிலேயே சரியாகி வீடு வந்திருந்தது. நிறுவனம் 42,500 ரூபாய் வழங்கியது. அதில் 41,000 நேரடியாகச் சர்வீஸ் சென்டருக்கும், இழுவைக் கட்டணத்தின் பங்கு ஆசிரியையின் கணக்குக்கும் சென்றன. குடும்பத்துக்கு நேர்ந்த நிகரச் செலவு 2,900 ரூபாயும், வரும் ஆண்டுகளில் பரவும் போனஸ் இழப்பும். காரில்லாத நாட்களில் ஆட்டோவுக்கும் பேருந்துக்கும் ஆன செலவு இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. தீர்ப்பாயத்தில் அதைக் கேட்டிருக்கலாம், சமரசத்தில் கேட்டால் பேச்சு முறிந்திருக்கும்.

சமரசம் பதிவான பிறகு, நடவடிக்கை வேண்டாம் என்று ஆசிரியை எழுதிக் கொடுத்ததன்பேரில் காவல் நிலையத்தில் மனு முடித்து வைக்கப்பட்டது. இரண்டாம் தவணை 7,000 தாமதமாக, ஆனால் நினைவூட்டல் கடிதம் அனுப்பத் தேவையின்றி வந்து சேர்ந்தது.

மாற்ற வேண்டியவை

தேய்மானமில்லாக் காப்பீடு நடப்பில் இருந்திருந்தால் 15,750 ரூபாய்க் கழிவு பெருமளவு தவிர்ந்திருக்கும். பிக்கப் உரிமையாளரிடம் கேட்க வேண்டிய தொகை ஓரிரு ஆயிரத்துக்குள் சுருங்கி, சமரச மனுவுக்கே தேவை இருந்திருக்காது. மண்டிகள் உள்ள தெருவில் இரவில் வெளியே நிறுத்தப்படும் காருக்கு அது வீண் செலவல்ல. ஆனால் செப்டம்பரில் கார் ஐந்து ஆண்டைக் கடந்துவிட்டதால், அவர்களுடைய நிறுவனம் அதைத் தர மறுத்தது. வேறொரு நிறுவனத்தில் காரை நேரில் ஆய்வு செய்தபின் கூடுதல் பிரீமியத்துக்குக் கிடைத்தது. மலிவான பிரீமியத்துக்காக நீக்கிய ஒன்றைத் திரும்பச் சேர்ப்பது அதிக விலை பிடிப்பதாகவே இருந்தது.

கேமராப் பதிவின் மூலக் கோப்பை முதல் நாளே கேட்டுப் பெற்றிருக்கலாம். திரையைப் படமெடுத்த நகல் சர்வேயருக்கும் சமரசத்துக்கும் போதுமானதாக இருந்தது; தீர்ப்பாயத்தில் அது நின்றிருக்காது. கடைக்காரரிடம் நேரடியாகக் கேட்பதைவிடக் காவல் நிலையத்தின் வழியே கேட்கவைப்பது, மண்டிக்காரர்களிடம் அவர் பதில் சொல்ல வேண்டிய சங்கடத்தையும் குறைக்கும்.

தெருவைப் பொறுத்தவரை, பிக்கப் உரிமையாளரோடு பேச்சு முடிந்தபின் மண்டி உரிமையாளரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கப்பட்டது: சுமை ஏற்றிய வண்டி பின்னோக்கி வரும்போது ஓர் ஆள் இறங்கிப் பின்னால் நின்று வழிகாட்ட வேண்டும். ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த பருவம் ஏப்ரலில் தொடங்கும். அதுவரை கார் இரவில் பக்கத்துத் தெருவிலுள்ள உறவினர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நிறுத்தப்படுகிறது.